உயிருள்ள இரையிலிருந்து உறைந்த இரைக்கு மாற்ற வேண்டும், வீட்டில் நான்கு வயதுக் குழந்தை இருக்கிறாள். எப்படி?

தவிட்டுக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். தம்பி மேற்படிப்புக்குக் கிளம்பிவிட்டான், அவன் வளர்த்த பால் பைத்தான் (ball python, விஷமில்லாத சின்ன மலைப்பாம்பு வகை) இப்போது எங்கள் வீட்டில். ஆண், ஒன்றரை வயது, எடை 620 கிராம். பாம்பைத் தூக்க எனக்குப் பயமில்லை, அவன் வாங்கிய காலத்திலிருந்தே கையில் எடுத்துப் பழக்கம். ஆனால் இரை போடுவதை மட்டும் அவன் யாரிடமும் விட்டதில்லை. அந்த ஒரு விஷயத்தில் எனக்கு ஒன்றும் தெரியாது.

அவன் வாரம் ஒரு பெரிய சுண்டெலி கொடுத்துவந்தான், உயிரோடு. எனக்கு அது வேண்டாம். அந்தச் சுண்டெலி மூலையில் ஒண்டிக்கொண்டு நிற்பதைப் பார்த்துக்கொண்டு என்னால் நிற்க முடியாது. உறைய வைத்த சுண்டெலிக்கு மாற்றிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டேன். அங்கேதான் கேள்விகள் வரிசையாக வருகின்றன.

எங்களிடம் இருப்பது ஒரே ஃப்ரீசர். விஷயத்தைச் சொன்னதும் என் கணவர் "ஐஸ்கிரீமுக்குப் பக்கத்திலா?" என்று கேட்டார், அதற்கப்புறம் அதைப் பற்றிப் பேச மறுக்கிறார். அவர் பயம் நியாயம்தானா, இல்லை வெறும் அருவருப்பா? உறைந்ததை உருக்க மைக்ரோவேவில் 30 விநாடி வைத்தால் போதும் என்று தம்பியின் நண்பன் ஒருவன் சொல்கிறான். சரியா?

இன்னொன்று, கூண்டுக் கதவைத் திறந்தாலே இவன் கழுத்தை எஸ் வடிவில் மடக்கிக்கொண்டு என் கையையே பார்க்கிறான். இரையைத் தனி டப்பாவில் வைத்துக் கொடுத்தால் இந்தப் பழக்கம் போகும் என்று படித்தேன். உண்மையா? எவ்வளவு பெரிய இரை, எத்தனை நாளுக்கு ஒரு முறை என்பதையும் சொல்லுங்கள். கூண்டின் சூடான பக்கம் 32 டிகிரி செல்சியஸ், குளிர்ந்த பக்கம் 26. மகளுக்கு நான்கு வயது. பாம்பென்றால் உயிர், கண்ணாடியில் மூக்கை ஒட்டிக்கொண்டே நிற்பாள்.


பழையசட்டை எழுதியது:

உங்கள் கணவரின் பயம் நியாயமானது. அவரிடம் நான் சொன்னதாகவே சொல்லுங்கள்.

பாம்புக்கு இரை போடுவதென்றால் எல்லோரும் கடி வாங்குவதைப் பற்றித்தான் யோசிக்கிறார்கள். 620 கிராம் பால் பைத்தான் கடித்தால் நாலு ஊசி குத்தியதுபோல் இருக்கும், சோப்புப் போட்டுக் கழுவினால் தீர்ந்தது. என்னைக் கேட்டால் உங்கள் வீட்டில் ஆபத்தான இடம் பாம்பின் வாய் இல்லை, சமையலறைச் சிங்க். சால்மோனெல்லா, வயிற்றுப்போக்கும் காய்ச்சலும் உண்டாக்கும் கிருமி. அது எலியிலும் இருக்கும், பாம்பிலும் இருக்கும், இரண்டும் பார்வைக்கு முழு ஆரோக்கியமாகவே இருக்கும். உறைய வைத்தால் கிருமி செத்துவிடும் என்று நினைக்கிறவர்கள் ஏராளம். சாகாது, தூங்கும், அவ்வளவுதான். இரைக்காக விற்கப்பட்ட உறைந்த எலிகளிலிருந்து மனிதர்களுக்கு சால்மோனெல்லா பரவியதை அமெரிக்காவின் நோய்த் தடுப்பு மையமான சிடிசி 2010-லும் 2014-லும் விசாரித்திருக்கிறது. ஐந்து வயதுக்குக் கீழே உள்ள குழந்தைகள் ஊர்வனவற்றையோ அவற்றின் இரையையோ தொடவே வேண்டாம் என்பதுதான் அவர்கள் சொல்வது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கும், நோய் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் அதே எச்சரிக்கை. பாம்பைத் தொடாத கைக்குழந்தைகளுக்குக்கூட, தொட்டுவிட்டு வந்த பெரியவர்கள் மூலமாக இது வந்திருக்கிறது.

அதனால் ஒன்று செய்யுங்கள். ஃப்ரீசரிலிருந்து கூண்டு வரைக்கும் அந்தச் சுண்டெலி போகிற வழியை மனதுக்குள் ஒரு முறை நடந்து பாருங்கள். வழியில் எதையெல்லாம் தொடுகிறது? ஃப்ரீசர் தட்டு, பை, உருக்கும் பாத்திரம், அதில் ஊற்றிய தண்ணீர், இடுக்கி, உங்கள் கை, குழாயின் திருகு, கூண்டின் கைப்பிடி. இதில் மனிதர்கள் சாப்பிடும் பொருளோடு சேரும் இடம் ஒன்றுகூட இருக்கக் கூடாது. உருக்க ஒரு சின்ன பிளாஸ்டிக் வாளி, இடுக்கி, துண்டுத் துணி, எல்லாவற்றையும் தனியாக வாங்கி ஒரு டப்பாவில் போட்டுக் கூண்டுக்குப் பக்கத்திலேயே வைத்துவிடுங்கள். சமையலறைக்குள் அவை நுழையவே வேண்டாம். உருக்கிய தண்ணீரைக் கழிப்பறையில் ஊற்றி ஃப்ளஷ் செய்யுங்கள். கை கழுவுவது குறைந்தது 20 விநாடி, சோப்போடு. கிருமிநாசினி தெளிப்பதாக இருந்தால் அதற்கு முன்னால் சோப்பு நீரால் தேய்த்துக் கழுவியாக வேண்டும். அழுக்கின் மேல் தெளித்த பிளீச் பாதி வேலைகூடச் செய்யாது.

ஃப்ரீசருக்கு என் பதில், முடிந்தால் தனியாக ஒரு சின்ன ஃப்ரீசர். நான்கு வயதுக் குழந்தை இருக்கும் வீட்டில் இதை ஆடம்பரம் என்று நான் சொல்லமாட்டேன். அது வரும்வரை வேறு வழியில்லை என்றால் பைக்குள் பை, அதை இறுக்கமாக மூடும் டப்பாவுக்குள் வைத்து, ஃப்ரீசரின் ஆகக் கீழ்த் தட்டில். மின்சாரம் போய் உருகினாலும் கீழே இன்னொரு உணவின் மேல் சொட்டக் கூடாது. டப்பாவின் மேல் பெரிய எழுத்தில் எழுதி ஒட்டுங்கள். விருந்தாளி யாராவது ஐஸ் எடுக்கப் போய்த் திறந்து பார்த்துவிட்டால் அப்புறம் உங்கள் வீட்டுக்கு வரமாட்டார்கள்.

மைக்ரோவேவ் கூடவே கூடாது. ஒரு பக்கம் வெந்துவிடும், இன்னொரு பக்கம் கல்லாகவே இருக்கும், பல நேரம் வயிறு வெடித்தும் விடும். கொதிநீரிலும் அதே கதைதான். மேசை மேல் நாள் முழுக்கக் கிடக்கவிடுவதும் சரியில்லை, வெளிப்பக்கம் முதலில் உருகிக் கிருமி பெருகும்.

நான் செய்வது இது. முந்தின இரவே சுண்டெலியை மூடிய பையோடு, அந்தத் தனி டப்பாவிலேயே வைத்து, ஃப்ரீசரிலிருந்து ஃப்ரிட்ஜின் கீழ்த் தட்டுக்கு மாற்றிவிடுவேன். மறுநாள் மாலை பையோடு வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி நேரம். வயிற்றை விரலால் அழுத்திப் பார்த்து, உள்ளே கெட்டியாக எதுவும் தட்டவில்லை என்றால் உருகிவிட்டது என்று அர்த்தம். நடுவில் ஐஸ் இருந்தால் அதை விழுங்கிய பாம்பு அப்புறம் கக்கிவிடும். கடைசியில் தண்ணீரை மாற்றி, கொஞ்சம் கூடுதல் சூட்டில் ஒன்றிரண்டு நிமிடம், முக்கியமாகத் தலைப் பக்கம். தோலின் மேல் 37, 38 டிகிரி வந்தால் போதும். தூரத்திலிருந்தே வெப்பம் காட்டும் துப்பாக்கி மாதிரியான தெர்மோமீட்டர் ஒன்று இருந்தால் ஊகிக்கவே தேவையில்லை. ஈரமாக இருந்தால் துடைத்துவிடுங்கள், கூண்டுத் தரையில் போட்ட தூள் அதில் ஒட்டாமல் இருக்கும்.

இந்தச் சூட்டுக்கு ஏன் இவ்வளவு பாடு என்றால், பால் பைத்தானின் மேல் உதட்டை உற்றுப் பாருங்கள், வரிசையாகக் குழிகள் தெரியும். அவை வெப்பத்தை உணரும் உறுப்புகள். இருட்டிலும் சூடான உடம்பு எங்கே இருக்கிறது என்று அதற்குத் தெரியும். ஆறிப்போன சுண்டெலி அதற்கு ஒரு பொருள் மட்டும்தான், இரை இல்லை. உங்கள் கையை அவன் ஏன் முறைக்கிறான் என்ற கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. கதவு திறந்தால் சுண்டெலி வரும் என்று ஒன்றரை வருடமாகக் கற்றிருக்கிறான். திறந்ததும் முன்னால் வரும் முதல் சூடான பொருள் உங்கள் கை. கோபமெல்லாம் கிடையாது.

அதை மாற்ற ஒரு பாம்புக் கொக்கி போதும். வளைவான மழுங்கிய முனை உள்ள எதுவானாலும் சரி. இரை கொடுக்காத நாட்களில் கதவைத் திறந்ததும் கொக்கியால் உடம்பின் நடுப்பகுதியை மெதுவாகத் தொடுங்கள். அது குளிர்ச்சியாக இருக்கும், எலி வாசனையும் இருக்காது. தொட்டால் இரை இல்லை என்று சில வாரங்களில் புரிந்துகொள்வான். அப்புறம் கையை விடுங்கள். இரை நாளில் கொக்கி வெளியே வரவே கூடாது. அன்றைக்கு நீளமான இடுக்கி மட்டும், குறைந்தது 30 செண்டிமீட்டர், முனையில் ரப்பர் இருந்தால் நல்லது. வேகமாகப் பாய்கிற பாம்பு வெறும் இரும்பைக் கவ்வினால் பல்லுக்குத்தான் கேடு. சுண்டெலியை இடுப்புப் பக்கம் பிடியுங்கள், தலை பாம்பைப் பார்த்து இருக்கட்டும்.

அளவுக்கு வருகிறேன். பாம்பின் உடம்பில் அகலமான இடம் எவ்வளவோ அவ்வளவு அகலம், அதற்கு மேல் வேண்டாம். எடையில் கணக்குப் போட்டால் இந்த வயதில் 5 முதல் 10 சதவீதம் வரை, அதாவது 30லிருந்து 60 கிராம். 10 நாளுக்கு ஒரு முறை, இரை பெரிதானால் 14 நாளுக்கு ஒரு முறை. முழு வளர்ச்சி அடைந்தபின் மூன்று நான்கு வாரத்துக்கு ஒன்று போதும். பெரிய சுண்டெலி பெரும்பாலும் 30 கிராம் அளவில்தான் இருக்கும், எனவே ஒரு கட்டத்தில் எலிக்கு மாறத்தான் வேண்டியிருக்கும். ஆனால் இப்போதே வேண்டாம். உயிருள்ளதிலிருந்து உறைந்ததற்கு ஒரு மாற்றம், சுண்டெலியிலிருந்து எலிக்கு இன்னொரு மாற்றம். இரண்டையும் ஒன்றாகச் செய்து அவன் சாப்பிடவில்லை என்றால் எது பிடிக்கவில்லை என்று உங்களுக்குத் தெரியாது.

எடை பார்க்க ஒரு தராசு வாங்குங்கள். சமையலறைத் தராசு இல்லை!

தனி டப்பா விஷயத்தில் இங்கே சண்டை வரும் என்று தெரியும். என் பதில்: வேண்டாம்.


இரவுப்பணி எழுதியது:

விலங்கு மருத்துவமனை ஒன்றில் உதவியாளராக இருக்கிறேன், ஊர்வன நிறைய வரும். பழையசட்டை சொன்னதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. சேர்க்க வேண்டியது கொஞ்சம் இருக்கிறது.

உயிருள்ள இரையை நிறுத்துவது பாம்பின் நலனுக்கும் நல்லது. பசி இல்லாத பாம்பு எலியிடமிருந்து தன்னைக் காப்பாற்றிக்கொள்ளாது, சுருண்டு கிடக்கும். "காலைக்குள் சாப்பிட்டுவிடும்" என்று இரவு எலியைக் கூண்டில் விட்டுவிட்டுத் தூங்கப் போகிறார்கள். காலையில் முதுகுச் சதை கடித்து எடுக்கப்பட்டு எலும்பு தெரிகிற நிலையில் கொண்டுவருகிறார்கள். சில பிழைக்கும், சட்டை ஒவ்வொரு முறை உரியும்போதும் அந்தத் தழும்பில் சிக்கிக்கொள்ளும்.

வீட்டிலோ தோட்டத்திலோ பிடித்த எலியைக் கொடுப்பதும் கூடாது. ஒட்டுண்ணி இருக்கும். அதைவிட மோசம், எலி விஷம் தின்ற எலியாக இருக்கலாம். இரத்தம் உறையாமல் செய்யும் விஷங்கள் எலி செத்த பிறகும் அதன் உடம்பில் இருக்கும், அதைத் தின்கிற பிராணியையும் பாதிக்கும்.

எலிக்குப் பதிலாகக் கறித்துண்டு கொடுக்கலாமா என்று மாதத்தில் ஒருவராவது கேட்கிறார். எலும்பு, ஈரல், குடல் எல்லாம் சேர்ந்து போவதால்தான் முழு இரை முழு உணவாகிறது. வெறும் சதையில் சுண்ணாம்புச் சத்து மிகக் குறைவு. கார்ட்டர் பாம்பு வளர்ப்பவர்களுக்கு இதே மாதிரி வேறொரு சிக்கல். தங்கமீனை மட்டுமே மாதக்கணக்கில் போடுவார்கள். அந்த மீனில் தயாமினேஸ் என்கிற நொதி இருக்கிறது, அது வைட்டமின் பி1-ஐச் சிதைத்துவிடும். கடைசியில் வலிப்போடு வரும்.

அப்புறம், எங்களிடம் வருபவற்றில் ஒல்லியான பாம்பைவிடக் குண்டுப் பாம்புதான் அதிகம். சுருளும்போது வாலுக்கு மேலே மடிப்பு விழுந்தால், சும்மா படுத்திருக்கும்போதே செதில்களுக்கு இடையில் தோல் தெரிந்தால், இடைவெளியைக் கூட்டுங்கள். ஆசையாகப் பார்க்கிறது என்பதற்காகக் கொடுக்காதீர்கள். பால் பைத்தான் எப்போதும் அப்படித்தான் பார்க்கும்.


மக்காச்சோளம் எழுதியது:

நான் கார்ன் பாம்புகள் வளர்க்கிறேன், பழையசட்டை அண்ணன் சொல்வதில் ஒரு இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ஆரம்பத்திலிருந்தே தனி டப்பாவில்தான் இரை கொடுக்கிறேன். ஒன்றுகூட என் கையைக் கடித்ததில்லை. கூண்டுத் தரையில் மரச்சீவல் போட்டிருக்கிறேன், இரையோடு சேர்த்து அதை விழுங்கிவிடுமோ என்ற கவலையும் இல்லை. டப்பாவுக்குள் போனால் சாப்பாடு, கூண்டில் இருந்தால் சாப்பாடு இல்லை. பாம்புக்கு இந்த வித்தியாசம் நன்றாகவே தெரிகிறது. எனக்குப் பலன் தருகிற முறையை ஏன் விட வேண்டும்?


பழையசட்டை எழுதியது:

விட வேண்டாம் தம்பி, உங்களுக்கு நடக்கிறதென்றால் நடத்துங்கள். கார்ன் பாம்பு சாது. உதட்டில் வெப்பக் குழியும் கிடையாது, மோப்பத்தையும் பார்வையையும் நம்புகிறது. சூடான கையைக் கண்டதும் குழம்புவது அதற்குக் குறைவு. டப்பா இல்லாமல் இருந்திருந்தாலும் அது உங்களைக் கடித்திருக்காது என்பதுதான் என் சந்தேகம்.

ஆனால் இவர் வைத்திருப்பது பால் பைத்தான், அதுவும் புது வீட்டுக்கு வந்தது. அந்த இனம் கூச்ச சுபாவம். தூக்கி வெளிச்சமான வெறும் டப்பாவில் வைத்தால் இரையை மறந்து சுருண்டுகொள்ளும். அப்படியே சாப்பிட்டாலும் வேலை முடியவில்லை, இரையை விழுங்கி, இன்னும் வேட்டை வெறி அடங்காமல், வயிறு நிறைந்து இருக்கும் பாம்பைக் கையால் தூக்கித் திரும்பக் கூண்டில் விட வேண்டும். கடி விழ மிகவும் தோதான நேரம் அதுதான். கக்கவும் வாய்ப்பு. கூண்டில் கொடுத்தால் கடிக்கும் என்பதற்கு, மாதத்தில் இரண்டு முறை இரைக்காகத் திறக்கிற கதவை மற்ற நாளில் பத்து முறை தண்ணீர் மாற்ற, சுத்தம் செய்யத் திறந்தால் போதும். எல்லாக் கதவுத் திறப்பும் இரை இல்லை என்று தானே கற்றுக்கொள்ளும்.

மரச்சீவல் பயத்துக்கு ஒரு தட்டையான கல்லோ பழைய தட்டோ போதும். ஒன்றிரண்டு சீவல் உள்ளே போனாலும் பெரும்பாலும் கழிவோடு வந்துவிடும்.

டப்பா கட்டாயம் தேவைப்படும் ஒரு நிலைமை உண்டு, ஒரே கூண்டில் இரண்டு பாம்பு வைத்திருப்பவர்களுக்கு. இரண்டும் ஒரே எலியின் இரு முனையையும் கவ்வினால் ஒன்றின் வாய்க்குள் மற்றொன்று போய்விடும். ஆனால் அவர்களுக்கு நான் சொல்வது டப்பா வாங்காதீர்கள், இன்னொரு கூண்டு வாங்குங்கள். கிங் ஸ்நேக் வளர்க்கிறவர்களிடம் இதைச் சொல்லவே தேவையில்லை, மற்ற பாம்புகளைத் தின்பது அதன் இயல்பு.


பன்னிரண்டடி எழுதியது:

பெரிய பாம்பு வைத்திருக்கிறவன் என்ற முறையில் இரண்டு வார்த்தை. தலைப்பு சின்னப் பாம்பைப் பற்றியது, இருந்தாலும் இதைப் படிக்கிற யாராவது நாளைக்கு பர்மியப் பைத்தானோ ரெட்டிக்குலேட்டட் பைத்தானோ வாங்கலாம். இரண்டரை மீட்டர் தாண்டிவிட்டால் இரை கொடுக்கும்போது இன்னொரு பெரியவர் அந்த அறையில் இருந்தே ஆக வேண்டும். வீட்டில் எங்கேயோ இருந்தால் போதாது, அறைக்குள். வளர்ப்புப் பாம்புகளால் உயிர் போன சம்பவங்களில் பெரிய பைத்தான்களும் தனியாக இருந்த மனிதர்களும்தான் திரும்பத் திரும்ப வருகிறார்கள். சுற்றிக்கொண்டால் வாலிலிருந்து பிரிக்க வேண்டும், தலையிலிருந்து இல்லை.

எந்த அளவுப் பாம்பு கையைக் கவ்விப் பிடித்தாலும் வெடுக்கென்று இழுக்காதீர்கள். பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் உங்கள் தோல் கிழியும், அதன் பல்லும் உடையும். அசையாமல் இருந்தால் இது இரை இல்லை என்று பல நேரம் தானே விட்டுவிடும். விடவில்லை என்றால் குளிர்ந்த தண்ணீரில் கையோடு முக்குங்கள். அதற்கும் மசியவில்லை என்றால் ஆல்கஹால் கலந்த வாய் கொப்பளிக்கும் திரவம் சில சொட்டு அதன் வாயோரத்தில், விட்டுவிடும். காயத்தில் பல் முறிந்து நிற்கிறதா என்று பாருங்கள். டெட்டனஸ் ஊசி போட்டு எவ்வளவு காலம் ஆயிற்று என்பதையும்.


தவிட்டுக்குருவி எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. வாளி, இடுக்கி, கொக்கி, தராசு எல்லாம் தனியாக வந்துவிட்டன. இரை கொடுக்கும் நேரத்தில் மகள் வேறு அறையில், அவள் அப்பாவோடு. கண்ணாடியைத் தினமும் வெளிப்பக்கம் துடைக்கிறேன், மூக்கை ஒட்டினால் முகம் கழுவ வேண்டும் என்று ஒரு சட்டம் போட்டதில் ஒட்டுவது பாதியாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் அவன் சாப்பிடவில்லை. நேற்று மாலை நீங்கள் சொன்ன மாதிரியே உருக்கி, சூடாக்கிக் காட்டினேன். நாக்கை நீட்டி முகர்ந்தான், கொஞ்சம் முன்னால் வந்தான், நான் இடுக்கியை ஆட்டியதும் தலையை உள்ளே இழுத்துக்கொண்டான். சுண்டெலி இப்போது மூடிய பையில் ஃப்ரிட்ஜில். திரும்ப உறைய வைக்கலாமா? இன்று மறுபடியும் காட்டட்டுமா? கண் கொஞ்சம் மங்கலாக, நீலம் பூத்த மாதிரி தெரிகிறது, அது வேறு கவலையாக இருக்கிறது.


பழையசட்டை எழுதியது:

கண்ணைச் சொன்னீர்களே, பதிலே அதுதான். சட்டை உரிக்கப் போகிறான். அந்தச் சமயத்தில் கண்ணின் மேல் உள்ள செதில் மங்கிப் பார்வை சரியாக இருக்காது, பால் பைத்தான்களில் பெரும்பாலானவை அப்போது சாப்பிடாது. எதுவும் செய்யாதீர்கள். கூண்டில் ஈரப்பதம் குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். உரித்து முடித்து இரண்டு மூன்று நாள் விட்டு மறுபடி முயலுங்கள்.

அந்தச் சுண்டெலியைத் தூக்கிப் போடுங்கள். ஒரு முறை உருக்கிச் சூடாக்கியதைத் திரும்ப உறைய வைக்கக் கூடாது. மனசுக்குக் கஷ்டம்தான், ஆனால் கெட்ட இரையால் வரும் மருத்துவச் செலவை நினைத்தால் ஒரு சுண்டெலி பெரிதில்லை.

தினமும் காட்டாதீர்கள். மறுத்தால் குறைந்தது ஒரு வாரம் இடைவெளி. தினமும் கண் முன்னால் ஆட்டினால் அது அவனுக்குத் தொல்லை, இன்னும் பின்வாங்குவான். ஆட்டுவதையும் குறையுங்கள். உயிருள்ள சுண்டெலி பாம்பைப் பார்த்துக் குதித்துக் குதித்து ஆடாது. மூக்கு முனை லேசாக அசைந்தால் போதும். பொழுது சாய்ந்து விளக்கை அணைத்தபின், அவன் மறைவிடத்தின் வாசலில் தலை நீட்டிக்கொண்டு இருக்கும் நேரம் பார்த்துக் காட்டுங்கள். இடுக்கியைக் கண்டே பயப்படுகிறான் என்றால் சூடான சுண்டெலியை வாசலில் வைத்துவிட்டு நகர்ந்துவிடுங்கள். காலையில் இருந்தால் எடுத்துக் குப்பையில் போடுங்கள், அதற்கு மேல் கிடக்க வேண்டாம்.

பட்டினியைக் கண்டு பதற வேண்டியதில்லை. இந்த இனம் வாரக்கணக்கில் சாப்பிடாமல் இருப்பது சாதாரணம், வளர்ந்த ஆண்கள் இனப்பெருக்கக் காலத்தில் மாதக்கணக்கில்கூட இருக்கும். வாரம் ஒரு முறை எடை பாருங்கள். 620-ல் 10 சதவீதம் குறைந்தால், அதாவது 560-க்குக் கீழே இறங்கினால், ஊர்வன பார்க்கும் மருத்துவரிடம் போங்கள். வாயைத் திறந்து திணிக்கும் வேலை மட்டும் வீட்டில் யாரும் செய்யக் கூடாது.


தவிட்டுக்குருவி எழுதியது:

சாப்பிட்டுவிட்டான்! சட்டை ஒரே துண்டாக, கண் மூடியோடு சேர்ந்து வந்தது. அதன்பின் இருட்டியதும் வாசலில் காட்டினேன், இடுக்கியை ஆட்டவே இல்லை. பாய்ந்த வேகத்தில் எனக்குத்தான் தூக்கிவாரிப் போட்டது. செத்த சுண்டெலியைச் சுற்றி இறுக்கிக்கொண்டு ரொம்ப நேரம் இருந்தான், அதைப் பார்க்க எனக்குச் சிரிப்பாகவும் இருந்தது.

இரண்டு கேள்விதான் பாக்கி. எப்போது தூக்கலாம்? எலிக்கு மாற்றுவதை எப்போது ஆரம்பிக்கலாம்?


பழையசட்டை எழுதியது:

நல்ல சேதி. 48 மணி நேரம் தூக்காதீர்கள், வயிற்றில் புடைப்பு தெரிந்தால் அது அடங்கும்வரை. சூடான பக்கத்தின் 32 டிகிரி குறையாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பாம்புக்கு உடம்பிலேயே சூடு உண்டாக்கத் தெரியாது, கூண்டு குளிர்ந்தால் இரை செரிக்காமல் உள்ளேயே அழுகும், அப்புறம் கக்கும். கக்கினால் உடனே அடுத்த இரை கொடுக்கக் கூடாது. இரண்டு வாரம் விட்டு, வழக்கமான அளவில் பாதி மட்டும். இரண்டாம் முறையும் கக்கினால் மருத்துவர்.

எலிக்கு அவசரம் இல்லை. உறைந்த சுண்டெலியைத் தயங்காமல் தொடர்ந்து நாலைந்து முறை வாங்கிக்கொள்ளட்டும். அப்புறம் 40 கிராம் அளவில் ஒரு குட்டி எலியை, ஒரு சுண்டெலியோடு சேர்த்து ஒரே பையில் போட்டு உருக்குங்கள். சுண்டெலியின் வாசனை எலியின் மேல் ஏறிவிடும். எலியை முதலில் காட்டுங்கள். அதை எடுத்துக்கொண்டால் சுண்டெலி குப்பைக்கு, மறுத்தால் அன்றைக்குச் சுண்டெலியைக் கொடுத்துவிட்டு அடுத்த முறை மறுபடி முயலுங்கள். அந்தப் பையைக் கட்டி நேராக வெளிக் குப்பைத் தொட்டியில் போட்டுவிடுங்கள், சமையலறைக் கூடையில் வேண்டாம்.